படகில் சிரித்தவள்

நவம்பர் இருபது, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி முப்பது நிமிடம். வெப்பநிலை இருபத்திரண்டு புள்ளி நான்கு. வானத்தில் எட்டில் ஆறு பங்கு மேகம். காற்று வடகிழக்கிலிருந்து, அரச மரத்து இலை அசையும் அளவுக்கு. அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நீங்கள் விசாரிக்க வந்திருப்பது அந்த நாளைப் பற்றித்தானே? அது இப்படித்தான் தொடங்கியது.

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தருமபுரிக்கு மாலை ஐந்து மணிக்கு மேலும் பேருந்து இருக்கிறது, அவசரமில்லை. முதலில் கனகவல்லியின் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் பையிலிருந்து கறிவேப்பிலை எட்டிப் பார்க்கிறதே. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், தன் வீட்டுக்கு வந்த யாரையும் கறிவேப்பிலை இல்லாமல் அனுப்பியதில்லை. அதோடு வேறு சிலவற்றையும் கொடுத்திருப்பாள். வினோதினி, புருஷன் செத்து வருஷம் திரும்புவதற்குள் மலையேறினாள். மாமனார் மாமியாரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏரியில் படகு விட்டாள். கரையெல்லாம் கேட்கும்படி சிரித்தாள். இவ்வளவுதானே? வேறு ஏதாவது சொன்னாளா? இல்லையா. சரி.

உங்கள் தம்பியும் வினோதினியும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறார்கள். அவருக்குப் பிடித்திருக்கிறது, அவளும் சம்மதம் சொல்லியிருக்கிறாள். உங்கள் அம்மாவுக்கு இந்த ஒரு பேச்சுதான் உறுத்துகிறது. தீர விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன், அதற்குப் பிறகு வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா? நல்லது. முதல் கணவனைப் பெற்றவளிடமே வந்து பெண்ணைப் பற்றிக் கேட்பது வழக்கமில்லை. ஆனால் எனக்கு அதில் குறை இல்லை. எந்த அளவையும் கருவி இருக்கும் இடத்துக்கு வந்து எடுப்பதுதான் முறை.

நான் பெண்கள் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். இருபத்தாறு ஆண்டுகள். அதனால் பேச்சு இப்படித்தான் வரும். பாடப்புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசு என்று என் கணவர் சொல்வார். கல்லூரி மைதானத்தின் மூலையில், முள்கம்பி வேலிக்குள், மழைமானியும் வெப்பமானிகள் வைத்த வெள்ளைப் பெட்டியும் இருக்கின்றன. தினமும் காலை எட்டரைக்கு அவற்றைப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. வீடு பக்கத்தில் இருப்பதால் அந்தப் பொறுப்பை நான் வைத்துக்கொண்டேன். பதிவேட்டின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அங்கே எழுத வேண்டும். ஆலங்கட்டி மழை, புழுதிக் காற்று, கருவி பழுது, இப்படி.

என் மகன் முகிலன் இறந்தது மார்ச் இரண்டாம் தேதி. புறவழிச் சாலையில் லாரி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவனுக்கு முப்பத்தொரு வயது. திருமணமாகி ஒன்றரை ஆண்டு. செய்தி வந்தது ஒன்பது பத்துக்கு. எட்டரை அளவை நான் எடுத்து முடித்திருந்தேன். மறுநாளிலிருந்து பதினாறு நாள் என் மாணவி ஒருத்தி எடுத்தாள். குறிப்புப் பத்தியில் 'அளவெடுப்பவர் மாற்றம்' என்று எழுதியிருந்தாள். சரியான குறிப்பு. பதினேழாம் நாள் நான் போனேன். அதைக் குறித்துத் தெருவில் பேச்சு வந்தது. பெற்ற பிள்ளை போய்ப் பதினாறு நாள் முடிந்த மறுநாளே குடையைத் தூக்கிக்கொண்டு மழையளக்கப் போகிறாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, கல் மாதிரி இருக்கிறாள் என்று. அவர்கள் சொன்னதில் தவறில்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒருநாள் இட்லிப் பானையின் மூடியை வெறும் கையால் தூக்கிவிட்டேன். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. இதோ, தழும்பு.

முன்பெல்லாம் பதிவேட்டில் 'முகில் அளவு' என்று எழுதுவேன். இப்போது 'மேக அளவு' என்று எழுதுகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

மோர் குடியுங்கள். இஞ்சி போட்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை, சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் மலையேறக் கூடாது. தலைத் திவசம் முடியும்வரை மலைக்கோயில் கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கத்தில், கோயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலை மலைதான். கனகவல்லி இதில் கண்டிப்பு. அவள் மாமனார் இறந்த வருஷம், கொல்லிமலையில் கொடுத்த வேலையையே அவள் கணவர் வேண்டாமென்று விட்டார்.

என் கணவர் சபாபதி ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பின்கட்டில்தான் இருக்கிறார். நாம் பேசுவது கேட்கும்; வரமாட்டார். முகிலனின் கார் அப்போது வாசலில் நின்றது. நின்றே கிடந்தால் பேட்டரி போய்விடும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் அதை ஓடவிட்டு நிறுத்துவார். அந்தப் பத்து நிமிடமும் வினோதினி முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வாள். ரேடியோ கேட்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். ரேடியோ சத்தம் வந்ததாக நினைவில்லை.

அன்று நான் அளவை எடுத்துவிட்டுத் திரும்பும்போது எட்டு ஐம்பது. கார் வாசலை மறித்துக்கொண்டு உறுமியது. உள்ளே போக வழியில்லை.

"நின்னுக்கிட்டே ஓடினா பத்தாதாம் கௌரி. ரோட்ல ஓடணுமாம், மெக்கானிக் சொல்றான்" என்றார். "ஏறு. இருவது நிமிஷம்."

ஏறினேன். கையில் குடையும் பதிவேடும் அப்படியே இருந்தன. வினோதினி வீட்டில் போட்டிருந்த வெளிர் பச்சைச் சுடிதாரோடு, தலைகூட வாராமல் இருந்தாள். கனகவல்லி உங்களிடம் 'சிங்காரிச்சுக்கிட்டுப் போனா' என்று சொல்லியிருந்தால், அந்த விவரம் பிழையானது. வாசல் கிரில் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனோம். வீட்டைப் பூட்டவே இல்லை. திட்டம் போட்டுப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டுவார்கள், இல்லையா?

அஸ்தம்பட்டியைத் தாண்டினோம். கோரிமேட்டைத் தாண்டினோம். சாலை நேராக ஏற்காட்டு மலையைப் பார்த்துப் போகிறது. அவர் வேகத்தைக் குறைத்து, "எங்க திரும்பட்டும்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

"கௌரி, திரும்பட்டுமா?"

நான் சொன்னது இவ்வளவுதான்: "இங்கே திரும்ப இடமில்லை."

அது ஒரு தகவல். போகலாம் என்று நான் சொல்லவில்லை. எதிரில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன, சாலை குறுகல். பிறகு யோசித்துப் பார்த்தபோது, இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது நினைவுக்கு வந்தது. பெரிய பங்க். நான்கு லாரிகள் திரும்பலாம்.

வினோதினிதான் சொன்னாள். "மாமா, அடிவாரம் வந்துடுச்சு. வருஷம் திரும்பலையே. அத்தை, சின்னம்மா ஏதாச்சும் சொல்வாங்க." கனகவல்லியைத்தான் அவள் சின்னம்மா என்பாள்.

அதற்கு நான் விளக்கம் சொன்னேன். எந்த உயரத்திலிருந்து மலை தொடங்குகிறது என்று வழக்கத்தில் வரையறை இல்லை. சேலம் நகரமே கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாம் எட்டு மாதமாக மலைமேல்தான் குடியிருக்கிறோம் என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொன்னதில் கருத்துப் பிழை இல்லை.

ஆகவே, முதல் குற்றச்சாட்டு. அவள் இழுத்துக்கொண்டு போனாள் என்பது. மூன்று பேரில் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னது அவள் ஒருத்திதான்.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ரயிலில் சிக்னலைப் பார்த்ததும் ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்வார், உதவியாளர் அதைத் திருப்பிச் சொல்வார். என் கணவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முகிலன் சிறுவனாக இருந்தபோது இவர் முன்னாலிருந்து "ஒண்ணு" என்பார், அவன் பின்னாலிருந்து "ஒண்ணு" என்று திருப்பிச் சொல்வான். அன்றும் முதல் வளைவில் இவர் "ஒண்ணு" என்றார். பதில் இல்லை. "ரெண்டு." பதில் இல்லை. நான் அவன் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் திறக்கத் தோன்றவில்லை. ஏழாவது வளைவில் வினோதினி "ஏழு" என்று திருப்பிச் சொன்னாள். அதிலிருந்து இருபதுவரை சொன்னாள். பதினான்கில் மட்டும் அவள் குரல் சரியாக வரவில்லை. அந்த வளைவில் காதடைக்கும்; உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைவதால் அப்படி ஆகும்.

ஏரிக்குப் போனபோது பத்து இருபத்தைந்து. வெப்பமானி கையில் இல்லை, பதினேழு இருக்கும். எதிர்க்கரை மரங்கள் இடுப்புவரைதான் தெரிந்தன, மேலே பனிமூட்டம். எட்டில் எட்டுப் பங்கு. கரையோரம் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வினோதினி மூன்று வாங்கிவந்து எனக்கு ஒன்றைக் கொடுத்தாள். அது காரமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படகுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதையும் உறுதியாகச் சொல்கிறேன். ஏரிக்கு வந்தால் எங்கள் வீட்டில் படகில் ஏறுவது வழக்கம். அவர் தன்பாட்டுக்கு வரிசையில் போய் நின்றுவிட்டார். சீட்டு வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு சீட்டு.

"நாலு இருக்கிறது" என்றேன்.

அவர் சீட்டுகளைப் பார்த்தார். கவுன்டரைப் பார்த்தார். "எத்தனை பேருன்னு கேட்டான். வாய்ல வந்தத சொல்லிட்டேன்" என்றார். "திருப்பிக் குடுத்துட்டு வரவா?"

"இருக்கட்டும் மாமா" என்றாள் வினோதினி. "நாலு பேர் உக்கார்ற படகுதானே."

மிதிபடகு. முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும்; பின்னால் இரண்டு பேர் சும்மா உட்காரலாம். முன்னால் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் வினோதினி. பின்னால் வலப்பக்கம் நான். எனக்கு இடப்பக்கத்து இருக்கை காலி. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படும். என் கணவர் கனத்த உடம்பு. நானும் அப்படித்தான். வினோதினி அப்போது நாற்பத்திரண்டு கிலோதான் இருந்தாள். படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த படகு நேராகப் போகாது. கரையிலிருந்து நல்ல தூரம் போனபின், அது ஒரே இடத்தில் வலச்சுற்றாகச் சுற்றத் தொடங்கியது. மிதிக்க மிதிக்கச் சுற்றியது. அவர் கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"மாமா, லெஃப்ட்ல ஒடிங்க."

"லெஃப்ட்லதாம்மா ஒடிச்சிருக்கேன். அது ரைட்லயே போவுது."

"விடுங்க, நான் பாக்கறேன்."

"நீ மிதி தாயி, அது போதும்."

நான் எடை சமமின்மையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கரையிலிருந்து படகுக்காரர் கையைக் குவித்துக் கத்தினார். "சார்! பின்னாடி இடப்பக்கம் ஆளே இல்ல சார், அதான் சுத்துது! நாலு டிக்கெட் வாங்குனீங்களே, நாலாவது ஆளு எங்க?"

முகிலனைப் பற்றி ஒரு விவரம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் எங்கேயும் நேரத்துக்கு வந்தவன் இல்லை. பிறந்ததே மருத்துவர் குறித்த நாளுக்குப் பதினோரு நாள் கழித்து. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அரை மணி தாமதம். தன் திருமணத்துக்கே, மாலையைக் காரில் வைத்துவிட்டு வந்து, அதை எடுக்கத் திரும்பிப் போய், முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது மணவறைக்கு ஓடிவந்தான். நான் கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

என் கணவர் எழுந்து நின்றார். படகில் எழுந்து நிற்கக் கூடாது; ஆனால் நின்றார். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, "அவன் எப்பவும் லேட்டுதாம்ப்பா!" என்று கத்தினார்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது.

பம்பு செட்டில் நெடுநாள் கழித்து மோட்டார் போடும்போது, முதலில் காற்று அடைத்துக்கொண்டு குழாய் கக்கும், பிறகு தண்ணீர் வரும், இல்லையா? அப்படி ஒரு சத்தம். அது எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வர ஒரு விநாடி ஆனது. ஆகவே கரை நூற்றெழுபது மீட்டர் தூரத்தில் இருந்தது. இதைக் கணக்கிட்டு முடித்த பிறகுதான் அந்தச் சத்தம் என்னிடமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்தது.

ஆம், அம்மா. நான்தான் சிரித்தேன்.

நிறுத்த முடியவில்லை. வாயை மூடினேன், மூக்கு வழியாக வந்தது. குடை கையிலிருந்து விழுந்தது. படகு சுற்றிக்கொண்டே இருந்தது. வினோதினி முன் இருக்கையிலிருந்து அப்படியே திரும்பி, முழங்காலை இருக்கையில் ஊன்றி, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து இழுத்து, தன் தோளில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "சிரிங்க அத்தை, சிரிங்க, ஒண்ணும் இல்ல, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆகவே கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது. அவள் முகம் தெரிந்திருக்கும், சத்தம் கேட்டிருக்கும். கனகவல்லி வீட்டு மாடியில் குடியிருக்கும் சரோஜா, உறவுக்காரர்களோடு அன்று அங்கே வந்திருந்தாள். அவள் பார்த்தது பொய் இல்லை. அவளிருந்த இடத்திலிருந்து அப்படித்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், படகு நான்கு சுற்றுச் சுற்றும் நேரம். கடைசிச் சுற்றில் அது சிரிப்புதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடங்கியது சிரிப்பாகத்தான். தலையைத் தூக்கியபோது அவள் துப்பட்டா நன்றாக நனைந்திருந்தது. ஏரித் தண்ணீர் தெறித்திருக்கலாம்.

பிறகு அவள் முன்னால் போகவில்லை. என் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவர் நடுவாக நகர்ந்து உட்கார்ந்து, ஒருவரே மிதித்தார். படகு நேராகக் கரைக்கு வந்தது.

இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை. மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். வீட்டில் எதுவும் களவு போகவில்லை. அன்று நான் எட்டு மணிநேரம் தூங்கினேன். மார்ச் இரண்டுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

அதன் பிறகு அவள் மூன்றரை மாதம் எங்களோடு இருந்தாள். தலைத் திவசம் முடிந்ததும் நாமக்கல்லுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்துதான் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தாள். ஏன் போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெருவிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சரியாகச் சொல்ல வேண்டுமானால், யாரும் அவளோடு பேசவே இல்லை. கனகவல்லியின் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எனக்கும் என் கணவருக்கும் பெயர் சொல்லி அழைப்பு வந்தது. பால் வாங்கும் இடத்தில் வினோதினி போய் நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு நானே பால் வாங்கப் போனேன். அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாமென்று. இதைவிட வேறு என்ன செய்திருக்க முடியும்? இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி வரும். முதல் கேள்வி, "அத்தை, இன்னிக்கு மழை எவ்வளவு?" சொல்வேன். மாமா சாப்பிட்டாரா என்பாள். சொல்வேன். உங்கள் தம்பியைப் பற்றியும் அப்படித்தான் ஒரு ஞாயிறு சொன்னாள். "வேணாம்னு நீங்க சொன்னா விட்டுடறேன் அத்தை" என்றாள். அவர் எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருவார் என்று கேட்டேன். "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நிப்பாரு" என்றாள். அப்படியானால் சரி என்றேன்.

பதிவேட்டில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. தாளைக் கிழிக்கவும் கூடாது. தவறான எண்ணின்மேல், படிக்கும்படியாக, ஒரே ஒரு கோடு. மேலே சரியான எண். பக்கத்தில் கையொப்பம். உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: மங்களகௌரி, அவனைப் பெற்றவள், மலைக்குப் போகலாம் என்று சொன்னவளும் சிரித்தவளும் நான்தான். போகும் வழியில் கனகவல்லியிடமும் சொல்வதானால் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். அது நான் போய்ச் சொல்ல வேண்டியது.

என்ன கேட்டீர்கள்? ஏன் இதை அப்போதே சொல்லவில்லை என்றா?

யாரும் என்னைக் கேட்கவில்லை.

இருங்கள். அந்த விவரம் சரியில்லை.

மறுநாள், நவம்பர் இருபத்தொன்று, திங்கட்கிழமை. சரோஜா காலை ஆறேகாலுக்கு மாடியிலிருந்து இறங்கிவந்து கனகவல்லியிடம் சொன்னாள். கனகவல்லி ஏழு ஐம்பதுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கறிவேப்பிலை இல்லை. என் கணவர் வாசலில் ஈரத்துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும், கண்ணாடிக்குக் கீழே கிடந்த நான்காவது சீட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி துடைத்தார். வினோதினி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் இந்தக் கூடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே, சேலைக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, நேத்து மலைக்குப் போனீங்களா?"

"ஏற்காட்டுக்கு."

"நம்ம புள்ள செத்து வருஷம் திரும்பல. யாரு கூப்ட்டது?"

மூன்றாவது மடிப்பு கையில் இருந்தது. நான்காவதை எடுத்தேன்.

"படகுல ஒருத்தி சிரிச்ச சிரிப்பு ஏரிக்கரை பூராவும் கேட்டுச்சாம். சரோஜா வந்து சொல்றா, எனக்கு ஒடம்பு கூசுது. நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க. எழவு வீட்லயே ஒங்க கண்ணு கலங்கல, ஒங்களுக்கு அழவும் வராது சிரிக்கவும் வராது. ஊருக்கே தெரியும். சொல்லுங்க அண்ணி, சிரிச்சது யாரு?"

கேட்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். ஐந்தாவது மடிப்பு.

வினோதினி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான்தான் சின்னம்மா கூப்பிட்டேன். மாமாவும் அத்தையும் வேணாம்னாங்க. நான்தான் பிடிவாதமா கூட்டிட்டுப் போனேன்."

"சிரிச்சது?"

"அதுவும் நான்தான்."

கனகவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள். வாசலில் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

வினோதினி ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஏரிச் சேறு ஒட்டியிருந்ததைக் கழுவி வைத்திருந்தாள். "மணி எட்டு பத்து அத்தை. எட்டரைக்கு அங்க இருக்கணுமில்ல" என்றாள். நான் கொசுவத்தைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அவள் தேங்காய் துருவப் போனாள்.

எட்டு முப்பது. வெப்பநிலை இருபத்தொன்று புள்ளி எட்டு. மேகம் எட்டில் இரண்டு பங்கு. மழை இல்லை. குறிப்புப் பத்தியில், 'ஏதும் இல்லை' என்று எழுதினேன்.